ஐயமும் பற்றும்: மோகன்ஸ் ஸ்கௌவும் லித்தியமும்

தன் ஆய்வின் முடிவு இன்னதாக இருக்கவேண்டும் என்று விரும்பும் ஒருவரை ஆய்வாளராக ஏற்கலாமா? டென்மார்க்கின் மனநல மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌவை (1918–2005) அவர் வாழ்நாளெல்லாம் தொடர்ந்த கேள்வி இது. அவருடைய தந்தையும் மனநல மருத்துவரே. நோயும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவருடைய சகோதரரைக் கடும் மனச்சோர்வு திரும்பத் திரும்பப் பீடித்தது.

1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், பித்துநிலையை லித்தியம் உப்பு தணிப்பதாக எழுதினார். பத்துப் பித்துநோயாளிகளை மட்டுமே கொண்டு எழுதப்பட்ட சிறிய கட்டுரை அது. அதே ஆண்டு அமெரிக்காவில், சமையலுப்புக்கு மாற்றாக விற்கப்பட்ட லித்தியம் குளோரைடு சிலரின் உயிரைப் பறித்தது. மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையே தூரம் குறைவு. காப்புரிமை பெறமுடியாத எளிய உப்பு என்பதால், மருந்து நிறுவனங்களும் அதில் நாட்டம் காட்டவில்லை.

ஆர்ஹுஸ் நகரை அடுத்த ரிஸ்கோவ் மருத்துவமனையில், பேராசிரியர் எரிக் ஸ்ட்ரோம்கிரெனின் தூண்டுதலால் ஸ்கௌ இதைக் கையிலெடுத்தார். 1954இல் வெளியான ஆய்வில் 38 பித்துநோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் போலி மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கேட் சொன்னது மெய்யென்று தெரிந்தது.

வந்த நோயைத் தணிப்பது ஒன்று. இனி வராமல் தடுப்பது வேறு. பவுல் கிறிஸ்டியன் போஸ்ட்ரூப்புடன் சேர்ந்து 1967இல் வெளியிட்ட கட்டுரையில், 88 பெண்களின் நோய் வரலாற்றைக் கொண்டு இரண்டாவதும் சாத்தியம் என்றார் ஸ்கௌ.

லண்டனிலிருந்து எதிர்ப்பு வந்தது. 1968இல் பாரி பிளாக்வெல்லும் மைக்கேல் ஷெப்பர்டும் ‘லான்செட்’ இதழில், இது இன்னொரு சிகிச்சைக் கட்டுக்கதையாக இருக்கலாம் என்று எழுதினர். தானாகவே வந்துபோகும் நோயில், ஒப்பீட்டுக் குழு இல்லாமல் மருந்தின் பலனை எப்படி அறிவது? ஷெப்பர்டின் பார்வையில் ஸ்கௌ ஆய்வாளரல்லர், நம்பிக்கையாளர்.

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது: லித்தியத்தால் நலமாயிருப்போரில் பாதிப்பேருக்கு அதை நிறுத்திப் போலி மாத்திரை கொடுப்பது. மருந்தை நம்பும் மருத்துவருக்கு இதைவிடக் கொடிய சோதனை வேறில்லை. பாதிப்பு குறைவாக இருக்கும்பொருட்டு, முடிவு தெளிவானவுடன் நிறுத்திக்கொள்ளும்படி ஆய்வை வகுத்தார்கள். 1970இல் முடிவுகள் வெளியாயின. ஐந்து மாதங்களில், போலி மாத்திரை பெற்ற 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. லித்தியம் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை.

1987இல் ஸ்கௌவுக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணித்தபடி, குருதியில் அளவு பார்த்துக் கொடுக்கப்படும் லித்தியம் இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று. அவருடைய சகோதரரும் அதனால் நலம் பெற்றார்.

விமர்சகர்களின் முடிவு பிழையானது, கேள்வி சரியானது. அவர்கள் ஐயப்படாதிருந்தால் அந்த 1970ஆம் ஆண்டுச் சான்று நமக்குக் கிடைத்திராது. சகோதரர்மீது கொண்ட பற்று ஸ்கௌவை இந்தக் கேள்வியில் நிலைக்கச் செய்தது. விடையை மட்டும் அவர் அந்தப் பற்றிடம் விட்டுவிடவில்லை.