பேரீச்சந்தோப்பின் ஆணும் பெண்ணும்

செடிகளுக்கும் ஆண், பெண் உண்டென்று 1694இல் சோதனைகளோடு எழுதியவர் டூபிங்கன் நகரத்து ருடால்ஃப் கமராரியஸ். ஆமணக்கின் ஆண்பூக்களை அவர் கிள்ளியபின் விதை பிடிக்கவில்லை. ஆயினும் அந்த அறிவின் மூத்த உரிமை மெசபொத்தேமியத் தோட்டக்காரர்களுடையது என்பேன். கி.மு. 18ஆம் நூற்றாண்டின் ஹம்முராபி சட்டம், பேரீச்சந்தோப்பில் மகரந்தம் சேர்ப்பவனுக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கை வகுத்திருக்கிறது.

அது வெறும் கைப்பழக்கம், அறிவியல் ஆகாது என்பார்கள். மகரந்தம் உள்ளே என்ன செய்கிறது என்பது அந்தத் தோட்டக்காரர்களுக்குத் தெரியாதுதான். கமராரியசுக்கும் அது முழுதாகத் தெரியாது. காய்க்காத மரமும் தோப்புக்கு ஏன் வேண்டும் என்பதை ஆண்பாளையை வெட்டிப் பெண்பாளையில் உதறியவர்கள் அறிந்திருந்தார்கள். காற்றை நம்பாமல் கையால் செய்ததால், ஓர் ஆண்மரமே பல பெண்மரங்களுக்குப் போதுமானது. தாவரப் பாலினத்தின் வரலாற்றை எழுதுவோர் இந்தத் தோப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.