கம்பளியும் சாரமும்: வலப்பனைத் தோட்டப்புறத்து ஆடவர் உடை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் என்பவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உடையோ அற்பப் பொருள் எனக் கருதப்பட்டு ஒதுக்கப்பட்டுவிட்டது. ஆயின், ஒரு தொழிலாளி எதனை உடுத்தினான், அதன் விலை யாருடைய கணக்கேட்டில் எழுதப்பட்டது என்னும் இரு வினாக்களை எழுப்பினால், அவ்வரலாற்றின் முக்கியமான ஒரு பக்கம் தெளிவாகும். தோட்டப்புறத்திலே மலிவான உடை எது என்பதைத் தீர்மானித்தது துணியின் விலை மட்டுமன்று. கணக்கேடு யார் கையில் இருந்தது என்பதுமாகும். வலப்பனைப் பகுதியை நடுவாகக் கொண்டு இதனை நோக்குவோம். பெண்டிர் உடை தனியே ஆராயத்தக்கதாதலின் இங்கு ஆடவர் உடை மட்டுமே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வலப்பனை ஒரே தட்பவெப்பமுடைய நிலமன்று. இராகலை, உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலே பொழுது சாய்ந்ததும் குளிர் உடலை நடுக்கும். அங்கிருந்து நில்தண்டாகின்னையை நோக்கி இறங்குவோரை வயல்வெளியும் வெயிலும் எதிர்கொள்ளும். வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொண்டுவரும். யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும். ஆகவே, பகல் வெயிலில் கவ்வாத்து வெட்டவும் இரவுக் குளிரைத் தாங்கவும் ஏற்ற உடையைச் சொற்ப வருவாயிலே தேடுவது இங்கு வாழ்ந்தோரின் நெடுங்காலப் பிரச்சினையாயிற்று.

19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர் பெரும்பாலும் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். முழங்கால் மட்டிலான வேட்டி, தோளில் ஒரு துண்டு, தலைப்பாகை என்பனவே அவர்கள் கொண்டுவந்தவை. வெப்பமான சமவெளிக்கு இவற்றிலும் சிறந்த உடை இல்லை. காற்று உட்புகும், விரைவில் உலரும், தையற்கூலியும் வேண்டியதில்லை. ஆயின் மலைக்குளிருக்கும் மழைக்கும் இவை போதவில்லை. இக்குறையை நிரப்ப வந்ததே கறுப்புக் கம்பளியாகும். அதனை மடித்துத் தலைமேல் கொங்காணியாகப் போட்டால் மழைக்குக் காப்பு, விரித்தால் பாய், இரவில் போர்வை. 1869இல் தோன்றிய இலைநோயினால் கோப்பி அழிந்து தேயிலை பரவிய பின்னரும் கம்பளி நிலைத்து நின்றது.

அது இலவசமாகக் கிடைத்ததன்று. கம்பளியின் விலை தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டு, சம்பளத்திலே கழிக்கப்பட்டது. வழிச்செலவு, அரிசி, கங்காணியிடம் பெற்ற முன்பணம் ஆகியவற்றோடு அதுவும் ஒரு கடனாயிற்று. கடனைத் தீர்க்காதவன் வேறு தோட்டத்துக்குப் போவதைத் தடுத்த துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேதான் ஒழிக்கப்பட்டது. ஆகவே, குளிரிலிருந்து காத்த அதே கம்பளி தோட்டத்தோடு பிணைத்த கயிற்றின் ஓர் இழையாகவும் இருந்தது எனலாம்.

உடை அதிகாரத்தின் அடையாளமாகவும் விளங்கியது. பெரிய கங்காணி வேட்டியின் மேல் கோட்டு அணிந்து, தலைப்பாகை கட்டி, கைத்தடியோடு வந்தார். துரையோ காக்கி அரைக்காற்சட்டையும் நீண்ட காலுறையும் தொப்பியும் அணிந்தார். துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி விரித்த குடையை மடக்கி வழிவிட்டு நிற்க வேண்டும் என்னும் வழக்கை முதியோர் நினைவுகூர்வர்.

இப்பின்னணியிலேதான் கோ. நடேசய்யர் பற்றிய செய்தியை விளங்கிக்கொள்ள வேண்டும். வெளியார் தோட்டத்துள் நுழைவது தடுக்கப்பட்ட அக்காலத்திலே, அவர் புடைவை வியாபாரி போல வேடம் பூண்டு லயங்களுக்குச் சென்று தொழிலாளரின் நிலையை அறிந்தார் என்பர். அரசியல்வாதிக்கு மூடப்பட்டிருந்த வாயில் துணிமூட்டைக்குத் திறந்தது. துணியின் தேவை அத்துணை பெரிதாக இருந்ததென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்து, மலையகத்திலும் உரையாற்றிக் கதர் நிதி திரட்டினார். மதுரையில் 1921ஆம் ஆண்டு முழு உடையைத் துறந்து அரையாடை பூண்டவர் அவர். ஏழைகளோடு தம்மை ஒன்றுபடுத்திக்கொள்ளும் பொருட்டு அவ்வெளிமையை அவர் தாமே தேர்ந்துகொண்டார். அவர் பேச்சைக் கேட்டு நின்ற தொழிலாளிக்கோ அது வறுமை சுமத்திய நிலை. ஒருவர் சட்டையைத் துறந்ததும் மற்றவர் சட்டைக்கு ஆசைப்பட்டதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல. இரண்டும் மானத்தை நாடியவையே.

அவ்வாசை படிப்படியாக நிறைவேறியது. 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் பின்வந்த தொழிற்சங்கங்களும் சம்பளத்தின்மீது கங்காணி கொண்டிருந்த பிடியைத் தளர்த்தின. கையிற் காசு வந்ததும் தொழிலாளி கடைத்தெருவில் தானே துணி தெரிந்தெடுத்தான். அவ்வாறு வேரூன்றியவற்றுள் ஒன்று சாரமாகும். இச்சொல் மலாய் மொழியிலிருந்து வந்தது. கட்டம்போட்ட பருத்திச் சாரத்தைப் ‘பளையகாட்’ என்பர். ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிலே தளம் அமைத்து நெசவுத்துணி ஏற்றுமதி செய்த பழவேற்காட்டின் பெயரே அவ்வாறு திரிந்தது. வெயிலுக்கு இது குளிர்ச்சி தரும். மடித்துக் கட்டினால் ஏற்றத்தில் நடக்கலாம். வெள்ளை வேட்டியைக் கெடுக்கும் தேயிலைக் கறை கட்டங்களில் மறைந்துவிடும். அயற்கிராமத்துச் சிங்கள விவசாயியும் சாரமே உடுத்தினான். தோட்டத்தையும் கிராமத்தையும் பிரித்த எல்லைகள் பலவாயினும், சாரம் இரண்டுக்கும் பொதுவாயிற்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்பத்தாண்டின் துணித் தட்டுப்பாடு 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு நீங்கியது. 1992இல் தொடங்கிய இருநூறு ஆடைத்தொழிற்சாலைத் திட்டம் நாட்டின் உட்பகுதிகளுக்கும் தையல் வேலையைக் கொண்டுசென்றது. ஏற்றுமதியில் எஞ்சிய சேட்டுகளும் காற்சட்டைகளும் நகர நடைபாதைகளிலே மலிவாக விற்கப்படலாயின. கொழும்பிலே கடைச் சிப்பந்தியாக உழைக்கும் தோட்டத்து இளைஞன் தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது அத்தகைய உடையோடு பேருந்திலிருந்து இறங்குகிறான்.

இதனைக் கண்டு ‘தோட்டத்துப் பையன்களுக்கு ஆடம்பரம் மிகுந்துவிட்டது’ என்று கூறுவோர் கற்றவர்களிடையேயும் உளர். குறைந்த வருவாய் உடையோர் உடைக்கென அளவிறந்து கடன்படுதல் தகாது என்பதும், வலப்பனையின் வெயிலுக்குத் தடித்த நீலக் காற்சட்டையை விட மெல்லிய பருத்தி ஏற்றது என்பதும் உண்மையே. ஆனால் இவ்வறிவுரையைச் சொல்லுமுன் ஒன்றை நினைத்தல் வேண்டும். தாம் கேளாத கம்பளிக்குத் தம் சம்பளத்தை இழந்தோரின் வழித்தோன்றல் அவ்விளைஞன். தன் உடையைத் தானே தெரிந்து, தன் காசைத் தானே எண்ணிக் கொடுத்து வாங்கும் உரிமை அவனது குடும்பத்துக்கு நெடுங்காலத்தின் பின்னரே வாய்த்தது. அதனை ஆடம்பரம் என்று சுருக்கிக் கூறுதல் வரலாறு அறியாதார் கூற்றாகவே அமையும்.