ஐராவதி நெல்லும் செட்டிநாட்டு வளவும்

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களைக் கண்டு வியப்போர், அவற்றை அங்கே கொண்டுவந்து நிறுத்திய சரித்திரத்தையும் சிந்திக்க வேண்டும். 1852-ஆம் ஆண்டு யுத்தத்தில் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைக் கைப்பற்றியதும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐராவதிக் கழிமுகத்து நெல்லுக்கு உலகச் சந்தையைத் தேடித் தர, அந்நாட்டுக் குடியானவர்களுக்குக் கடன் கொடுத்த நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் ஈட்டிய செல்வமே காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மாளிகைகளாக எழுந்தது. முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புச் சாந்தை மினுமினுக்கும்வரை தேய்த்த சுவர்களும், ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரையும் உள்ள அவ்வீடுகளின் அடுப்பங்கரைக்குக் கவுனி அரிசியும் பர்மாவிலிருந்தே வந்தது. கருநிறமான அவ்வரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய நீரிலேயே குழைய வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் தேங்காய்த் துருவலும் சேர்த்துக் கிளறிக் கல்யாணப் பந்தியில் பரிமாறுவார்கள்.

1930-களில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரியவே, கடனுக்கு ஈடாக நிலங்களே கைமாறி, கீழ்ப் பர்மாவின் பிரதான நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால்பங்கு பூமி செட்டியார்களுடையதாயிற்று. நிலமிழந்த பர்மியக் குடியானவனின் துயரத்தை, மாளிகைகளின் அழகைப் பாராட்டும் நாம் மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

1941 டிசம்பரில் இரங்கூனில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் அந்நகரமே வீழ்ந்தது. பர்மா அரிசி வரத்து நின்றுபோக, சென்னை ராஜதானியின் சாமானியக் குடும்பங்கள் ரேஷன் கடை வாசலில் நிற்க நேர்ந்தது. செட்டிநாட்டு ஆச்சிமார்களோ, அரக்கான், மணிப்பூர் மலைவழிகளில் கால்நடையாய்த் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் க்ஷேமச் செய்திக்காக அம்மாளிகைகளின் உள்முற்றமாகிய வளவுகளிலேயே காத்திருந்தார்கள்.