புறாவும் துலாக்கோலும்

பருந்துக்கு அஞ்சித் தன் மடியில் வந்து விழுந்த புறாவுக்காகத் துலாக்கோலின் ஒரு தட்டில் தன் உடலையே வைத்த மன்னனின் கதையைத் தமிழர் அனைவரும் அறிவர். சோழர் அம்மன்னனைத் தம் முன்னோன் என்று போற்றினர். சங்கப் புலவர் அவனை நினைத்துச் சோழரைப் பாடினர். பாண்டியன் அவையில் நீதி கேட்டு நின்ற கண்ணகியும் தன் ஊரை அறிமுகம் செய்யும்போது அந்தப் புறாவின் துயர் தீர்த்தவனையே முதலில் சுட்டுகிறாள். இடுக்கி மாவட்ட எல்லையில் மங்கலதேவிக் கோட்டத்திற்குச் சித்திரை முழுநிலவில் மலையேறும் நம் மக்களில் எத்தனை பேர் அப்புறாவை எண்ணுகின்றனரோ, அறியேன்.

தமிழ்த் திணை மரபில் புறா பாலைக்குரிய பறவை. பாலைமரம் நிறைந்த காடு என்பதால் பாலக்காடு என்னும் பெயர் வந்தது என்பர் சிலர். பாலை மரம் வேறு, பாலைத் திணை வேறு. எனினும் பிழைப்புக்காக ஊரைப் பிரிந்து வந்த குடும்பங்கள் நிறைந்த இவ்வெல்லையில், பிரிவுக்குரிய திணையின் பறவையை வளர்ப்போர் பலர் இருப்பது எனக்குச் சற்றே வியப்பளிப்பதுண்டு.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசு அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலம் கழித்த எனக்குப் புறாவைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் புறா வளர்ப்போர் சிலர் கூடிப் பந்தயம் நடத்தி வந்தனர். ஓர் ஆண்டு, இருவருக்கிடையே பத்து நிமிடக் கணக்கில் பூசல் எழுந்தது. ஒருவர் சித்தூர்ப் பக்கத்தவர். மற்றவர் பாலக்காட்டு நகருக்கு மேற்கே வசிப்பவர். முன்னவரின் புறா முதலில் வந்தது. பின்னவரின் புறா பத்து நிமிடம் கழித்து வந்தது. ஆனால் பின்னவர், தம் புறாவே வென்றது என்று சாதித்தார். இருவர் வீட்டுப் பெண்டிரும் கோயிலில் கண்டால் முகந்திருப்பிக் கொள்ளும் அளவுக்குப் பகை முற்றியபோது, கணக்குத் தெரிந்தவன் என்று என்னை அழைத்துச் சென்றனர். அன்று தொடங்கியதே இந்த ஆராய்ச்சி.

மற்றெல்லாப் பந்தயங்களிலும் எல்லைக்கோடு ஒன்றே. புறாப் பந்தயத்தில் புறப்படும் இடம் மட்டுமே ஒன்று. முடியும் இடம் அவரவர் வீட்டுக் கூண்டு. நூறு கூண்டுகள் இருந்தால் நூறு எல்லைக்கோடுகள். அப்படியானால் வென்றவர் யார் என்று எப்படிச் சொல்வது? புறாப் பந்தயக் கழகங்களின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடிய வரலாறே என்பது என் கருத்து.

புறா வளர்ப்பு மிகப் பழமையானது. அக்பரின் அரண்மனையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்தன என்றும், அவற்றுள் ஐந்நூறே உயர்வகை என்றும் அயினி அக்பரியில் அபுல் பசல் குறித்துள்ளார். புறா பறக்கவிடுவதைப் பேரரசர் ‘இஷ்க்பாஜி’, அதாவது காதல் விளையாட்டு, என்று அழைத்தாராம். ஆனால் அது வானில் கரணமடிப்பதையும் கூட்டமாகச் சுழல்வதையும் கண்டு களிக்கும் விளையாட்டு. தூரத்தை வெல்லும் பந்தயமன்று.

தூரப் பந்தயத்தின் தாய்நாடு பெல்ஜியம். 1818இல் நூறு மைலுக்கு மேற்பட்ட பந்தயம் அங்கு நடந்தது. 1820இல் பாரிசிலிருந்து லியேஜ் நகருக்கும், 1823இல் இலண்டனிலிருந்து பெல்ஜியத்துக்கும் புறாக்கள் பறந்தன. விளையாட்டோடு வாணிகமும் அரசியலும் சேர்ந்தன. 1850இல் ஜூலியஸ் ராய்ட்டர், தந்திக் கம்பி இல்லாத இடைவெளியைக் கடக்க, பிரசெல்சிலிருந்து ஆகன் நகருக்குப் புறாக்கள் வழியே பங்குச் சந்தைச் செய்திகளைப் பெற்றார். 1870இல் செருமானியப் படை பாரிசைச் சூழ்ந்தபோது, நகரத்தார் புறாக்களை வாயுக்கூண்டுகளில் ஏற்றி வெளியே அனுப்பினர். புறா தன் வீட்டுக்குத் திரும்பத்தான் அறியும். வீட்டிலிருந்து பிறிதோர் ஊருக்குத் தூது போகாது. நம் திரைப்படங்களில் காதலி புறாவின் காலில் ஓலை கட்டிக் காதலனிடம் அனுப்புவதெல்லாம், அப்புறா காதலன் வீட்டில் வளர்ந்ததாக இருந்தாலன்றி நடவாது!

தொடக்க காலத்தில் கழகங்கள் கண்ட விடை வேடிக்கையானது. வந்த புறாவைக் கையில் பிடித்துக்கொண்டு கழகக் கட்டடத்திற்கு ஓட வேண்டும். முதலில் கொண்டு சேர்த்தவருக்கு வெற்றி. வேகமாக ஓடும் இளைஞரைக் கூலிக்கு அமர்த்தியோரும் உண்டு. பறந்தது புறாவா, பரிசு பெற்றது மனிதனின் காலா என்று சொல்ல முடியாத நிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பந்தயக் கடிகாரம் வந்த பிறகே இதற்கு முடிவு ஏற்பட்டது.

அக்கடிகாரத்தின் நுட்பம் எழுத்தர் தொழில் செய்யும் எவர் மனத்தையும் கவரும். பந்தயத்துக்கு முன்னாள் மாலை எல்லாரும் புறாக்களைக் கழகத்துக்குக் கொண்டுவருவர். ஒவ்வொரு புறாவின் காலிலும் குஞ்சாக இருந்தபோதே, பிறந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில், மாட்டிய மூடிய வளையம் ஒன்று இருக்கும். ஆண்டும் எண்ணும் பொறித்த அவ்வளையம் பின்னர்க் கழற்ற இயலாதது. மற்றக் காலில், எண் மறைக்கப்பட்ட இரப்பர் வளையம் ஒன்றைக் கழகத்தார் மாட்டுவர். தம் புறாவை உரிமையாளரே குறிக்கலாகாது என்பது விதி. கடிகாரங்கள் அனைத்தையும் ஒரே நேரத்துக்கு ஓடவிட்டு ஈய முத்திரை வைப்பர். புறா வீடு சேர்ந்ததும் இரப்பர் வளையத்தைக் கழற்றிச் சிறு குப்பியிலிட்டுக் கடிகாரத்துள் தள்ள வேண்டும். தள்ளியதும் உள்ளிருக்கும் தாளில் நேரம் பதிவாகிவிடும். மாலையில் கழகத்தில் எல்லார் முன்னிலையிலும் முத்திரை உடைபடும். ஒரு கடிகாரம் பகல் முழுவதும் ஓடி ஒரு நிமிடம் முந்தியிருந்தால், அந்தப் பிழையையும் விகிதப்படி பகிர்ந்து கழிப்பர். எங்கள் அலுவலகத்தில் பெட்டகம் திறப்பதற்குக்கூட இத்துணைச் சாட்சிகள் இருந்ததில்லை. இன்று மின்னணு வளையமும், கூண்டு வாயிலில் பதிவுத் தட்டும் வந்துவிட்டன, முறை மாறவில்லை.

நேரம் கிடைத்தது, தூரத்துக்கு என்ன செய்வது? கூண்டுக்கும் விடுமிடத்துக்கும் இடையிலுள்ள நேர்த்தூரத்தைப் பறந்த நிமிடங்களால் வகுத்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று காண்கின்றனர். அன்று எங்கள் தெருவில் நான் போட்டுக்காட்டிய கணக்கை, தூரத்தை முழு எண்ணாக்கித் தருகிறேன். மதுரையில் காலை 6 மணிக்கு விடுத்த புறாக்களில், 168 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தூர்ப் பக்கத்துக் கூண்டுக்கு ஒன்று 8.48க்கு வந்தது. 168 நிமிடம், வேகம் நிமிடத்துக்குச் சரியாக 1000 மீட்டர். 180 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மேற்குக் கூண்டுக்கு மற்றொன்று 8.58க்கு வந்தது. 178 நிமிடம், வேகம் 1011 மீட்டர். பத்து நிமிடம் பிந்தி வந்ததே வென்றது! சித்தூர்க்காரர் தாளை வாங்கி மூன்று முறை கூட்டிப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் உள்ளே சென்று, முந்திய ஆண்டுகளில் தாம் வென்ற கோப்பைகளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். “இதுக்கெல்லாம் கணக்குப் போட்டா எத்தனை என்னுது, சொல்லுங்க” என்றார். அந்த ஆண்டுகளின் நேரக் குறிப்பு எவரிடமும் இல்லை. மேற்குக்காரர்தாம் எழுந்து அவற்றைத் திரும்ப உள்ளே எடுத்துவைத்தார்.

நம் நாட்டில் இவ்வினப் புறாவை ‘ஹோமர்’ என்றே வழங்குகின்றனர். இங்குப் புறாப் போட்டி இருவகை. சாதாப் புறா, கரணப் புறா ஆகியவை தம் வீட்டு வானிலேயே விடியலில் எழும்பி எத்தனை மணி நேரம் இறங்காமல் பறக்கின்றன என்று பார்ப்பது ஒன்று. அதில் நடுவர் மொட்டைமாடியில் அண்ணாந்தபடியே பகலைக் கழிக்க வேண்டும். மற்றது ஹோமரின் தூரப் பந்தயம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை முதல் கோடை முற்றும் முன் வரை அதற்குரிய காலம். சென்னையில், குறிப்பாக வட சென்னையின் உழைக்கும் மக்களிடையே, இக்கலை நன்கு வேரூன்றியது. ஆந்திர ஊர்களிலிருந்தும், அவற்றுக்கும் வடக்கே மத்திய இந்தியாவிலிருந்தும் அங்குப் புறாக்களை விடுவதுண்டு. 2015இல் வெளிவந்த ‘மாரி’ திரைப்படத்தின் வழியே இது பலருக்கு அறிமுகமாயிற்று.

அரசுப் பணியாளன் என்ற முறையில் ஒடிசா காவல்துறையின் புறாத் தூதுப் பணியைக் குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. படையிடமிருந்து பெற்ற ஹோமர் புறாக்களைக் கொண்டு 1946இல் அது தொடங்கியது. 1948 ஏப்ரலில் சம்பல்பூரில் இருந்த பிரதமர் நேரு, கட்டக்கிலிருந்த அதிகாரிகளுக்குப் புறாவின் வழியே செய்தி அனுப்பினார். 1999இல் பெரும்புயல் வீசித் தொலைபேசியும் வானொலித் தொடர்பும் அறுந்தபோதும் இப்பறவைகள் பணியாற்றின. தூதுப்பணி பின்னர் நின்றது. பறவைகள் மரபுச் சின்னமாகப் பேணப்படுகின்றன.

புறா எவ்வாறு வழி அறிகிறது என்பது இன்னும் முற்றும் தீராத வினா. ஞாயிற்றின் நிலையைத் திசைகாட்டியாகக் கொள்கிறது என்பது உறுதி. முகில் மூடிய நாளில், முதுகில் காந்தம் கட்டிய புறாக்கள் திசை தடுமாறியதை 1971இல் அமெரிக்க அறிஞர் கீட்டன் வெளியிட்டார். காற்றில் வரும் மணங்களை வைத்து இடமறிகிறது என்று இத்தாலிய அறிஞர் பாப்பி காட்டினார். பழகிய வழியில் நெடுஞ்சாலைகளைப் பின்பற்றியே பறக்கிறது என்பதை ஆக்சுபோர்டு ஆய்வாளர் பிற்காலத்தில் கண்டனர்.

இங்குத்தான் நம் எல்லைப்புறத்தின் சிக்கல் தொடங்குகிறது. மதுரைக்கும் பாலக்காட்டுக்கும் நிலப்படத்தில் நேர்கோடு இழுத்தால், அது கொடைக்கானல் மலையின்மீது செல்லும். புறாவோ பொதுவாக உயர்மலையைத் தவிர்க்க முற்படும். பழனி, உடுமலை, பொள்ளாச்சி என்று மலையடிவாரத்தைச் சுற்றிக் கணவாய் வழியே நுழையக்கூடும். அந்த மிகைத்தூரம் கணக்கில் சேராது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகன்ற பாலக்காட்டுக் கணவாயில் மார்கழி, தை மாதங்களில் வீசும் கீழைக்காற்று, கிழக்கிலிருந்து வரும் புறாவை உந்தித் தள்ளும். அந்த உதவியும் கணக்கில் இல்லை. மலைச்சரிவில் வல்லூறும் இராசாளியும் காத்திருக்கும். திரும்பாத புறாக்களுக்கு முடிவுப் பட்டியலில் இடமே இல்லை. துலாக்கோலில் ஏறிய மன்னன் கதையைப் பெருமையுடன் சொல்லும் நாம், பரிசுக்காகப் புறாவைப் பருந்தின் வழியில் அனுப்புவது முறையா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். மழைக்குறியோ வெயில் முறுக்கோ கண்டால் விடுதலையை ஒத்திப்போடும் செயலாளரையே நல்ல செயலாளர் என்று நான் மதிப்பதற்கு அவள் கேள்வியும் ஒரு காரணம்.

மூணாற்றுத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர், உறவினர் வீட்டுக்கு வந்தவர், அன்று என் கணக்கைக் கேட்டுக்கொண்டிருந்தார். லயத்துக் கூரைமேல் நான்கு ஜோடி ஹோமர் வளர்ப்பதாகச் சொன்னார். எல்லாரும் கலைந்த பின் தயங்கித் தயங்கி, “சார், எங்க புறாவும் மதுரையிலேருந்து வந்தா போடி வரைக்கும் சமவெளிதான். அதுக்கப்புறம் ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறணும். உங்க கணக்குல ஏத்தத்துக்கு என்ன போடுவீங்க?” என்று கேட்டார்.

நேர்த்தூரத்தை நிமிடத்தால் வகுக்கும் அம்முறையில் உயரத்துக்கு இடமே இல்லை. சமவெளி நிறைந்த பெல்ஜியத்தில் பிறந்த கணக்கு அது. மலைக் கூண்டுகளை மலைக் கூண்டுகளோடு மட்டும் ஒப்பிட்டுத் தனிப் பட்டியல் போடலாம் என்றேன். “எங்க பக்கம் வளர்க்கிறவங்க மூணே பேருதான் சார்” என்றார். அவ்வாண்டுப் பதிவேட்டில் பெயர், வளைய எண், தூரம், நேரம், வேகம் என்னும் ஐந்து கட்டங்களுக்குப் பின் ‘ஏற்றம்’ என்று ஆறாவதாக ஒன்று வரைந்து வைத்தேன். அதில் என்ன எழுதுவது என்று இதுவரை முடிவாகவில்லை.