கொலுப்படிக்குக் கீழே ஓடிய கார்கள்

ஸ்ரீரங்கத்தில் கொலு பார்க்கப் போகிறவர்கள் மரப்பாச்சியையும் தசாவதாரத்தையும் பார்த்துவிட்டு, சுண்டலை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். படிகளுக்குக் கீழே தரையில் போட்டிருக்கும் 'பார்க்'கைக் குனிந்து பார்ப்பது பெரும்பாலும் பையன்கள்தான். மண்ணைப் பரப்பிக் கடுகோ கேழ்வரகோ தூவி முளைக்கவைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் ஒரு குளம், நடுவே சாலை, சாலையில் கார்கள். படிகளை அடுக்குவது பெண்கள் வேலை. பார்க் போடுவது வீட்டுப் பையன்கள் பாடு. தமிழ்நாட்டில் கார் பொம்மை சேர்த்தவர்களின் கதையை இந்தத் தரையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டியைச் சிறிதாக்கிப் பிள்ளை கையில் கொடுப்பது காவிரிக்கரைக்குப் புதிதல்ல. கரிகாலனைப் பாடும் பட்டினப்பாலையில், காலில் பொன்னணி பூண்ட சிறுவர்கள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். அந்தக் கரிகாலனின் உறையூர் இன்று திருச்சியின் ஒரு பகுதி. அதே புலவர், கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையிலும் தச்சர் செய்த விளையாட்டுத் தேரைச் சொல்கிறார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவமே சிறுதேர்தான். சித்திரை வீதிகளில் பெரிய தேர் ஓடி நிலைக்கு வந்தபின், பலகைத் துண்டில் சக்கரம் மாட்டிச் சந்துக்குள் தேர் இழுக்கும் பையன்களுக்கு இந்த இலக்கியமெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

உலோகக் கார்கள் லிவர்பூலிலிருந்து புறப்பட்டன. அங்கே ஃபிராங்க் ஹார்ன்பியின் நிறுவனம் 1934இல் தன் பொம்மைக் கார்களுக்கு 'டிங்கி' என்ற பெயரைச் சூட்டியது. உருக்கிய துத்தநாகக் கலவையை எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தினால், கதவுக் கோடும் முன்விளக்கும் அச்சு அசலாக விழும். கலவையில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் மட்டும் வினை: பல ஆண்டு கழித்துக் கார் தானாக வீங்கி, வெடித்து, உதிர்ந்துபோகும். போருக்கு முந்தைய டிங்கிகள் பல இப்படித்தான் பொடியாயின. 1953இல் லெஸ்னி நிறுவனம் தீப்பெட்டி அளவு அட்டைப்பெட்டியில் அடங்கும் 'மேட்ச்பாக்ஸ்' கார்களைக் கொண்டுவந்தது. டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தா வந்து, 'நிக்கி' என்ற பெயரில் இந்தியக் கார்களாக மறுபிறவி எடுத்தன.

திருச்சிக் கடைவீதியிலும் திருவிழாக் கடைகளிலும் தகரமும் பிளாஸ்டிக்கும்தான் மலிவு. சீமைக் கார் வேண்டுமென்றால், கொழும்பிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மாமாவின் பெட்டிக்காகக் காத்திருக்க வேண்டும்.

டிராக் ரேஸ் கார்களின் கதை இன்னும் சுவாரசியமானது. இரண்டு கார்கள், நேர்கோட்டுப் பாதை, கால் மைல், அதாவது 402 மீட்டர். முதலில் கோட்டைத் தொட்டவர் ஜெயித்தார். வளைவும் கிடையாது, சுற்றும் கிடையாது. அமெரிக்காவில் இதற்கு ஒழுங்கு செய்து கொடுத்தது 1951இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. அமைப்பு. அங்கே டான் புருதோமுக்குப் பட்டப்பெயர் பாம்பு; அவருடைய போட்டியாளர் டாம் மெக்யூவனுக்குக் கீரி. ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களை 1968இல் அறிமுகப்படுத்தியிருந்த மேட்டல் நிறுவனம், 1970இல் இருவருக்கும் பணம் போட்டது. பாம்பின் மஞ்சள் பிளைமவுத் பாரகுடாவும் கீரியின் சிவப்பு டஸ்டரும் பொம்மைகளாக, ஆரஞ்சுப் பாதையோடு சேர்த்து விற்பனைக்கு வந்தன. நம்மூர் வித்தைக்காரர் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுகிறேன் என்று சொல்லியே கூட்டம் சேர்த்து, கடைசிவரை விடாமல் தாயத்து விற்றுவிட்டுப் போவார். மேட்டல் சண்டையையும் காட்டியது, காரையும் விற்றது.

இந்தப் பொம்மைகளின் அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் கால் மைல் என்பது ஆறே கால் மீட்டர். ஸ்ரீரங்கத்தின் பழைய வீடுகளில் திண்ணையிலிருந்து முற்றம்வரை தாராளமாக ஓடவிடலாம்.

நிஜப் பந்தயத்தைப் பார்க்க நினைத்தவர்கள் சென்னைப் பக்கம் போனார்கள். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளமான சோழவரத்தில், 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. கோவையின் கரிவர்தன் போன்றவர்கள் பேர் வாங்கிய களம் அது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்தது. தேசிய டிராக் ரேஸ் போட்டிகள் பின்னாளில் அங்கேதான் நடந்தன.

இந்தியாவில் ஹாட் வீல்ஸ் கார்கள் முதலில் வந்தது 'லியோ மேட்டல்' என்ற பெயரில். வேறு எங்கும் இல்லாத நிறங்களும் சக்கரங்களும் சேர்ந்ததால், அன்று சாதாரணமாகத் தோன்றிய அந்தக் கார்களை இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். 2001 ஏப்ரலில் இறக்குமதித் தடைகள் விலகியதும் சீனப் பொம்மைகள் வந்து குவிந்தன. 2020இல் பொம்மைகளுக்கான சுங்கவரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது; 2021 ஜனவரியிலிருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம்.

கொலு வீட்டுக் கார்களுக்குச் சந்தையில் பெரிய விலை கிடைக்காது. சேகரிப்பாளர்கள் கேட்பது பிரிக்காத அட்டையை; அதை வாங்கிய அன்றே கிழித்துப் போட்டாயிற்று. ஆனால் நவராத்திரி முடிந்ததும் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் போய், அடுத்த புரட்டாசிவரை வெயிலும் தூசியும் படாமல் கிடந்ததால், பல வண்டிகளில் பெயிண்ட் மட்டும் அப்படியே இருக்கிறது.