கொள்கலனும் கட்டளைக் கருவியும்: ஒரு நிறுவல் முறையின் சமூக வரலாறு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைக் கொண்டு உழைப்போர் அதனைப் பெற்றுக்கொள்ளும் முறையும், அதற்கு உடைமையாளர் யார் என்னும் வினாவும் அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. மென்பொருளாக்குநர் தமது கணினியில் ஒரு கட்டளைக் கருவியை நிறுவிக்கொள்ளும் சிறு செயலை இங்கு ஆராயப் புகுவதற்கு இதுவே காரணமாகும். கட்டளைக் கருவி என்பது, திரையிலுள்ள படங்களைச் சுட்டாது, எழுத்தில் தட்டெழுதும் கட்டளைகளால் இயக்கப்படுவது. றெட் ஹற் நிறுவனத்தின் ஓப்பன்ஷிப்ற் என்னும் கொள்கலன் தளம் இவ்வாய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. நிறுவல் எளிமையடைந்த அதே காலத்தில், உழைப்புச் சாதனம் உழைப்போரை விட்டு விலகிச் சென்றுள்ளது என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

‘கொள்கலன்’ என்னும் சொல்லே ஒரு வர்க்க வரலாற்றைச் சுமந்து நிற்பது. 1956 ஏப்ரல் 26ஆம் திகதி, மல்கம் மக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 கொள்கலன்களுடன் நியூவாக்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. பொதிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கிய துறைமுகத் தொழிலாளரின் உழைப்பு அதன்பின் படிப்படியாகத் தேவையற்றதாயிற்று. 1960இல் அமெரிக்க மேற்குக் கரைத் தொழிலாளர் சங்கம், வருமான உத்தரவாதத்துக்கு ஈடாக இயந்திரமயமாக்கலை ஏற்றுக்கொண்டது. லண்டனின் பழைய கப்பற்றுறைகள் 1967 தொடக்கம் 1981 வரை ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஒரு செயலியை அதன் துணைப்பொருள்களோடு ஒரே பொதியாகக் கட்டி, எந்தக் கணினியிலும் இயக்கும் மென்பொருள், 2013இல் ‘டொக்கர்’ என்னும் பெயரோடு வெளிவந்தது. பிரித்தானிய வழக்கில் அச்சொல் துறைமுகத் தொழிலாளியைக் குறிப்பது. கொள்கலனால் வேலையிழந்தவனின் பெயரே கொள்கலன் மென்பொருளின் பெயராயிற்று என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

ஆயினும் டொக்கர் வெறுவெளியிலிருந்து தோன்றியதன்று. 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில், ஒரு நிரலின் பார்வையைக் குறித்த கோப்பகத்துள் அடைக்கும் வழி அமைந்தது. 2008 ஜனவரியில் வெளியான லினக்ஸ் கருநிரல், கூகிள் பொறியியலாளர் தொடக்கி வைத்த வளப் பங்கீட்டு முறையை உள்வாங்கியது. பலரது கூட்டுழைப்பின் திரட்சியே பின்னர் ஒரு வணிகப் பெயரின்கீழ் அறியப்படலாயிற்று.

ஓப்பன்ஷிப்ற் 2011இல் அறிமுகமானது. அதன் முதற் கட்டளைக் கருவியாகிய ‘ஆர்.எச்.சி.’ ரூபி மொழியில் அமைந்தது. அதனை நிறுவ விரும்பியவர் முதலில் ரூபியையும், பின் நிரற் பதிப்புகளைப் பேணும் கிற் என்னும் கருவியையும் தமது கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. விண்டோஸ் பயன்படுத்துவோருக்கு இது சிரமம் மிக்கதாகவே இருந்தது. எனினும் அச்சிரமத்தினூடாக, கருவி எவற்றின்மீது நிற்கின்றது என்பதை அவர் அறிந்துகொண்டார். அதாவது, நிறுவல் ஒருவகைத் தொழிற்பயிற்சியாகவும் அமைந்தது.

2015இல் வெளியான மூன்றாம் பதிப்பு, டொக்கரையும் கூகிள் தொடக்கிய குபர்னெற்றிஸையும் அடித்தளமாகக் கொண்டு முற்றாக மாற்றியமைக்கப்பட்டது. புதிய கருவியாகிய ‘ஓ.சி.’ கோ மொழியில் எழுதப்பட்டது. தனக்கு வேண்டியவற்றுட் பெரும்பாலானவற்றைத் தன்னுள்ளேயே அடக்கிய ஒற்றைக் கோப்பு அது. சுருக்கிய பொதியை இறக்கி விரித்து, கணினி கட்டளைகளைத் தேடும் பாதையிலுள்ள ஒரு கோப்பகத்தில் வைத்தால் நிறுவல் முடிந்தது. பொதியோடு வெளியிடப்படும் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு, கோப்பு இடையில் திரிபடையவில்லை என்பதையும் உறுதிசெய்யலாம். ஏடு பெயர்த்தெழுதுவோரால் பாடபேதம் விளைவதை அறிந்த இலக்கிய மாணவர் இதன் பயனை எளிதில் உணர்வர்.

ஆனால் நிறுவப்பட்ட அக்கருவி தனித்து ஆற்றக்கூடியது மிகச் சிலவே. தளத்தின் இணையப் பக்கத்திலிருந்து பெற்ற அனுமதிக் குறி போன்ற ஒன்றைக் கொடுத்து உள்நுழைந்த பின்னரே அது பயன்தரும். நான்காம் பதிப்பில், கருவியையே அத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் வசதியும் ஏற்பட்டது. கைக்கருவியை மனிதன் இயக்குகின்றான், இயந்திரத் தொகுதியிலோ மனிதன் அதன் உறுப்பாகின்றான் என்னும் வேறுபாட்டை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதலாம் பாகத்தில் (1867) விளக்கினார். ஓ.சி. தோற்றத்தில் கைக்கருவி, செயலில் வேறொருவரது ஆலையின் வாயிற் சாவி.

இதனை ஒருபக்கமாக மட்டும் நோக்குதல் இயங்கியல் ஆகாது. ஓ.சி.யின் மூலநிரல் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றது. கொள்கலன் வடிவத்துக்கான பொது நியமங்களை வகுக்கும் முயற்சி 2015இல் தொடங்கியமையால், ஒரு தளத்தில் ஆக்கியதை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்லும் வாய்ப்பும் பெருகிற்று. இருப்பினும், பலரின் திறந்த உழைப்பில் வளர்ந்த றெட் ஹற் நிறுவனத்தை ஐ.பி.எம். 2019இல் ஏறத்தாழ 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2021இல் டொக்கர் நிறுவனம், மேசைக்கணினிக்கான தனது மென்பொருளைப் பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்தியே பயன்படுத்தலாம் என விதித்தது. நிரல் பொதுவாயிருக்க, இலாபம் தனியுடைமையாவதே இங்குள்ள முரண்பாடு.

முழுத் தளத்தையும் சிறு அளவில் தன் கணினியிலேயே நிறுவலாமே என ஒருவர் வினவலாம். ஓப்பன்ஷிப்றின் உள்ளூர் வடிவம் அதற்கெனவே உள்ளது. ஆனால் அது நான்கு செயலி மையங்களையும், 10.5 கிகாபைற்றுக்குக் குறையாத வெற்று நினைவகத்தையும், 35 கிகாபைற் சேமிப்பிடத்தையும் வேண்டி நிற்கின்றது. பழைய மடிக்கணினியோடு பயிலும் மாணவருக்கு அக்கதவு திறந்திருந்தும் மூடியதே.

எழுத்தறிவு பரவியதனால் மட்டும் அச்சகம் பொதுவுடைமையாகிவிடவில்லை; எழுதுவோர் பெருகினர், அச்சகம் சிலரிடமே இருந்தது. கட்டளைக் கருவியின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. கருவி இலவசமாகவும் எளிதாகவும் கைக்கு வருவது முன்னேற்றமே. ஆனால் அக்கருவி சென்று இணையும் இயந்திரங்கள் எவருடையவை என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. நமது பல்கலைக்கழகங்களில் மென்பொருள் பயிற்றுவோர் நிறுவற் படிமுறைகளோடு இவ்வினாவையும் சேர்த்துப் பயிற்றுதல் வேண்டும். மாணவர் கூட்டாகப் பயன்படுத்தத்தக்க பொதுக் கணினித் தொகுதிகளைப் பல்கலைக்கழகங்கள் அமைத்தல் அதற்கான முதற் படியாகும்.