தாழ்ப்பாள் இல்லாத அறைகள்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. மறுநாளே மத்திய சுகாதார அமைச்சகம் தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. பதிவுபெற்ற மருத்துவர்கள் தொலைபேசியிலும் காணொளியிலும் நோயாளிகளைப் பார்ப்பதற்கான விதிகள் அவை. பேசியும் கேட்டும் மனத்தை ஆற்றும் உளவியலாளர்களில் பலர் மருத்துவர்கள் அல்லர். அவர்கள் தம் அனுபவத்தை மட்டும் நம்பிக் கைப்பேசியை எடுத்தார்கள்.

தொலைவிலிருந்து மனத்துக்குச் சிகிச்சை தருவது அன்று தொடங்கியதல்ல. 1909இல் ஃபிராய்ட் வெளியிட்ட ‘குட்டி ஹான்ஸ்’ சிகிச்சை பெரும்பாலும் சிறுவனின் தந்தை வழியாக, கடிதங்களில் நடந்தது. 1953இல் லண்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பும் 1986இல் சென்னையில் சிநேகாவும் தொடங்கப்பட்டன. தற்கொலை எண்ணத்தோடு அழைப்பவர்களுக்குத் தொண்டர்கள் செவிகொடுத்தார்கள். வீட்டில் பேச முடியாத பெண்ணுக்கு அப்போது தெருமுனைத் தொலைபேசிக் கூண்டோ தோழியின் வீடோ இருந்தது. 2020 அந்த இடங்களையெல்லாம் மூடியது. எந்த வீட்டைப் பற்றிப் பேச வேண்டுமோ, அந்த வீட்டுக்குள் இருந்தபடியேதான் அவள் பேச வேண்டியிருந்தது.

உளநல ஆலோசகரான என் தோழி அந்த மாதங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் பின்னாலிருந்து, குழாயைத் திறந்துவிட்ட குளியலறையிலிருந்து, நிறுத்திய காருக்குள்ளிருந்து குரல்கள் வந்தன. “பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க.” அவளுடைய முதல் கேள்வி இதுவாக மாறியது. யாராவது வந்துவிட்டால் பேச்சு சட்டென்று சாம்பார் பக்குவத்துக்குத் திரும்பும். அந்த ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம் குடும்ப வன்முறைப் புகார்களுக்காக வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவித்தது. வாய்திறந்து சொல்ல முடியாததைத் தட்டச்சிட்டாவது சொல்லட்டும் என்பதற்கான வழி அது.

தோழி இழந்தவையும் உண்டு. நேரில் ஒருத்தி மௌனமாக இருந்தால் அந்த மௌனத்தோடு உட்கார்ந்திருக்கலாம், தொலைபேசியில் “லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்க வேண்டியதாகிறது. முந்தானையைத் திருகும் விரல்கள் திரையில் தெரிவதில்லை. எதிரிலிருப்பவளின் அச்சமும் தன் அச்சமும் ஒரே கிருமியால் வந்தவை என்பதும் அவளுக்குப் புதிது. படுக்கையறையே அவளுக்கு அலுவலகம். வெளியே குக்கர் விசிலடிக்க, மகன் கதவைத் தட்ட, பிறருடைய துயரத்தைக் கேட்டுமுடித்து அதே கையோடு அடுப்படிக்குப் போனாள்.

இதனால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆலோசகரே இல்லாத ஊரிலிருந்தவர்களும், படியேற முடியாதவர்களும் முதன்முறையாக ஒருவரோடு பேசினார்கள். 2022 அக்டோபர் 10 அன்று அரசின் டெலி மானஸ் சேவை தொடங்கியது. 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

எண் இருக்கிறது. அழைக்கத் தனக்கென்று ஒரு கைப்பேசியும், தாழிட்டுக்கொள்ள ஒரு கதவும், யாரும் தேடாத முக்கால் மணி நேரமும் எத்தனை பெண்களுக்கு இருக்கின்றன? பெருந்தொற்றுக்கால உளச்சிகிச்சையின் வரலாற்றைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாக எழுதுகிறவர்கள், குளியலறையில் திறந்துகிடந்த அந்தக் குழாயையும் அதில் எழுத வேண்டும்.